பக்கத்து இருக்கையில் ஒருவர் ஏறினால் காரின் வேகம் எவ்வளவு குறையும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். வண்டியின் எடை 1,060 கிலோ, எஞ்சின் 184 குதிரைத்திறன். தனியாக ஓட்டும்போது துள்ளிக் கிளம்புகிற வண்டி, 80 கிலோ எடையுள்ள என் நண்பர் ஏறி அமர்ந்ததும் சற்றுச் சோம்பிவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. "184 குதிரை இழுக்கிற வண்டிக்கு நான் ஒரு சுமையா? எல்லாம் உன் பிரமை" என்கிறார் அவர். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. உங்கள் நண்பர் குதிரைகளை எண்ணுகிறாரே தவிர, ஒவ்வொரு குதிரையும் எத்தனை கிலோவை இழுக்கிறது என்று எண்ணவில்லை. உங்கள் எடையை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தனியாகச் செல்லும்போது நகர வேண்டிய மொத்த எடை 1,130 கிலோ. அதை 184 குதிரைத்திறனால் வகுத்தால் குதிரை ஒன்றுக்கு ஏறத்தாழ 6.1 கிலோ வருகிறது. நண்பர் ஏறியதும் மொத்த எடை 1,210 கிலோவாகி, குதிரை ஒன்றின் பங்கு 6.6 கிலோவாக உயர்கிறது. இந்தக் கணக்கின்படி அவருடைய 80 கிலோவை இழுப்பதற்கு மட்டும் 12 குதிரைகள் போய்விடுகின்றன. அதாவது அவர் ஏறி அமர்ந்த பிறகு உங்கள் வண்டி, நீங்கள் தனியாக ஓட்டும் 172 குதிரைத்திறன் வண்டியைப் போலத்தான் நடந்துகொள்ளும். பணம் கொடுத்து 12 குதிரைத்திறனைக் கூட்டிக்கொண்ட ஒருவர் அதைப் பெருமையாகப் பேசுவார். அதே அளவு குறையும்போது மட்டும் அதைப் பிரமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

இதை விநாடிக் கணக்கிலும் பார்த்துவிடலாம். விசை மாறாமல் நிறை கூடினால் முடுக்கம் அதே விகிதத்தில் குறையும் என்பது பள்ளியில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதி. 1,130 கிலோவுடன் 80 கிலோ சேர்வது 7 சதவீத உயர்வு. எனவே 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.5 விநாடி எடுத்துக்கொண்ட வண்டி, இப்போது 6.96 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். இயக்க ஆற்றலை வைத்துப் பார்த்தாலும் விடை மாறுவதில்லை. 80 கிலோ எடையுள்ள மனிதரை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 31 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். உங்கள் கார் தன்னையும் உங்களையும் அந்த வேகத்துக்குக் கொண்டுவர 436 கிலோஜூல் செலவிடுகிறது; அதை 6.5 விநாடியில் செய்து முடிக்கிறது என்றால், சராசரியாக விநாடிக்கு 67 கிலோஜூல் என்றாகிறது. ஆகவே நண்பருக்கான 31 கிலோஜூலைத் திரட்ட அதற்கு இன்னும் 0.46 விநாடி தேவைப்படுகிறது.

(184 குதிரைத்திறன் என்பது 135 கிலோவாட். அப்படியிருக்க, சராசரி மட்டும் ஏன் அதில் பாதியாக இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். எஞ்சின் தன் முழுத்திறனைத் தருவது உச்சச் சுழற்சி வேகத்தை நெருங்கும்போதுதான். கிளட்ச் வழுக்கும் தொடக்கக் கணத்திலும், கியர் மாற்றும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கும் இடைவெளியிலும் சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு.)

உண்மையான இழப்பு இந்த 0.46 விநாடியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எஞ்சின் முன்னே தள்ள வேண்டியது காரை மட்டுமன்று. தன் ஃப்ளைவீலையும் கியர்ப்பெட்டியின் பற்சக்கரங்களையும் நான்கு சக்கரங்களையும் அது சுழற்றி வேகப்படுத்தியாக வேண்டும். சிறிய கியர்களில் இந்தச் சுழற்சிச் சுமை கணிசமானது; பயணி ஏறுவதால் அது கூடுவதில்லை என்பதால், கூடும் சுமையின் சதவீதம் அந்த அளவுக்குக் குறைகிறது. இரண்டாவது, கியர் மாற்ற உங்கள் கை எடுத்துக்கொள்ளும் நேரம், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இவ்விரண்டையும் கழித்தால் 0.4 விநாடிக்கு அருகில் ஓர் எண் நிற்கும்.

விகிதம் ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை வேறு வண்டிகளோடு ஒப்பிட்டால் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். 180 கிலோ மோட்டார் சைக்கிளில் 70 கிலோ மனிதர் தனியாகப் போகும்போது மொத்தம் 250 கிலோ. பின்னால் இன்னொரு 70 கிலோ ஏறினால் 28 சதவீதம் கூடிவிடுகிறது. பின்னிருக்கையில் ஆளை ஏற்றிக்கொண்டு சிக்னலில் கிளம்பியவர்கள் யாரும் அந்த வேறுபாட்டைப் பிரமை என்று சொல்லமாட்டார்கள். 1996-ல் வெளிவந்த முதல் லோட்டஸ் எலீஸ் 725 கிலோ மட்டுமே எடை கொண்டது; அதில் உங்கள் நண்பர் ஏறினால் 10 சதவீதம் கூடும். நேர்மாறாக, 1,001 குதிரைத்திறனும் 1,888 கிலோ எடையும் கொண்ட புகாட்டி வேரோனில் அவர் ஏறினால் 4 சதவீதம்தான், 2.5 விநாடியில் 100-ஐத் தொடும் அந்த வண்டிக்கு அது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. எடையைக் குறைத்துக் குறைத்தே வண்டி செய்த கோலின் சாப்மன் போன்ற பொறியாளர்களின் வழியில் வந்த கார்களுக்குத்தான் பயணியின் எடை மிகவும் உறைக்கிறது. லேசான வண்டி தன்மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் ஓட்டுபவருக்குச் சொல்லிவிடுகிறது. அந்த வகைக் கார்கள்மேல் எனக்கு இருக்கும் மாறாத பற்றுக்கு இதுவே காரணம்.

கேள்வி: 500 குதிரைத்திறன் கொண்ட பின்சக்கர இயக்கக் கார் ஒன்றை ஓட்டப்பாதையில் ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது. முழு வேகத்தில் கிளப்பினால் பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றன. பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்திருந்தபோது வழுக்கல் சற்றுக் குறைந்ததைக் கவனித்தேன். எடை கூடினால் வேகம் குறையும் என்கிறார்களே, இது எப்படி?

பதில்: கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள். மேலே சொன்ன கணக்கு முழுவதும், எஞ்சினால் எவ்வளவு தள்ள முடியும் என்பதை மட்டுமே எல்லையாகக் கொண்டது. உங்கள் காருக்கோ தொடக்கத்தில் எல்லை போடுவது எஞ்சின் அன்று, டயர். சாலையை டயர் எவ்வளவு பற்றிக்கொள்ளும் என்பது அதன்மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. எடை கூடக் கூடப் பிடிப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். நகர்த்த வேண்டிய சுமை 5 சதவீதம் கூடியது, தள்ளக்கூடிய விசையும் 5 சதவீதம் கூடியது என்றால், முடுக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். டயர் வழுக்கும் எல்லையில் ஓடும் வரை பயணி உங்களிடமிருந்து அநேகமாக எதையும் பறித்துக்கொள்வதில்லை.

அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதும் முக்கியம். முன்பக்கம் எஞ்சின் வைத்த இரண்டு இருக்கைக் கார்களில் இருக்கைகள் பெரும்பாலும் பின் அச்சுக்குச் சற்று முன்னால்தான் இருக்கும். எனவே பயணியின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரங்களின்மேல்தான் இறங்குகிறது. முன்சக்கர இயக்கக் கார்களில் இது தலைகீழ். வண்டி கிளம்பும்போது எப்படியும் சுமை பின்னோக்கிச் சாய்ந்து முன்சக்கரங்களை லேசாக்கிவிடும். பின்னிருக்கையில் இரண்டு பேர் அமர்ந்தால் அவர்கள் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களுக்கே போய்விடுவதால், முன்சக்கரங்களின் பிடிப்பு கூடிய சுமைக்கு ஈடாகக் கூடுவதில்லை. டயரின் இயல்பில் இன்னொரு நுட்பமும் உண்டு: சுமை கூடும்போது பிடிப்பும் கூடுகிறது என்றாலும், முழு விகிதத்தில் கூடுவதில்லை, கொஞ்சம் பின்தங்குகிறது. ஆகையால் பிடிப்பைக் கூட்டுவதற்காக எடையை ஏற்றலாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

இந்தச் சலுகை எந்த வேகம் வரை நீடிக்கும்? உங்கள் கார் 1,600 கிலோ, நீங்கள் 70 கிலோ என்று கொள்வோம். நல்ல டயரோடு பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டிக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தில் முக்கால் பங்கு கிடைத்தால் அது சிறப்பான கிளம்பல். அதற்குத் தேவைப்படும் விசை 12,300 நியூட்டன். 500 குதிரைத்திறனில் இழப்புகள் போகச் சக்கரத்தைச் சேர்வது 310 கிலோவாட் என்றால், அந்த விசையை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் வரை அதனால் கொடுக்க முடியும். ஆக, 100 வரையிலான ஓட்டத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது டயர்தான். அந்த எண்ணில் பயிற்றுநரின் எடை தெரியவே தெரியாது. அதற்குமேல் எஞ்சினின் எல்லை வந்துவிடுவதால் கடன் முழுவதும் வசூலாகிறது. 80 கிலோவை 100-லிருந்து 200 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற 93 கிலோஜூல் வேண்டும். பூஜ்யத்திலிருந்து 100 வரை தேவைப்பட்டதைப் போல மூன்று மடங்கு. 310 கிலோவாட்டுக்கு அது 0.3 விநாடி வேலை. சக்தி மிகுந்த கார்களில் பயணியின் எடையை அளக்க விரும்புகிறவர்கள் பூஜ்யத்திலிருந்து 100 வரையிலான நேரத்தை விட்டுவிட்டு, 100-லிருந்து 200 வரையிலான நேரத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வேகம் கூடும்போது காற்றுத்தடைதான் பெரிய எதிரியாகிறது, அதன்பின் எடைக்கு முக்கியத்துவம் இல்லை என்று படித்தேன். சரியா?

பதில்: உச்சவேகத்தைப் பற்றிச் சொன்னால் சரி, முடுக்கத்தைப் பற்றிச் சொன்னால் தவறு. மணிக்கு 200 கிலோமீட்டரில் ஒரு சராசரி ஸ்போர்ட்ஸ் காரைக் காற்று 1,100 நியூட்டன் அளவில் எதிர்த்துத் தள்ளுகிறது. 80 கிலோ பயணியால் டயர்களின் உருளல் தடை கூடுவது 10 நியூட்டனுக்குள்தான். எனவே அவரால் உச்சவேகம் குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் எஞ்சின் தரும் விசையில் காற்று தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருப்பதைக் கொண்டுதான் நிறையை முடுக்க வேண்டும்; அந்த மிச்சம் சிறியதாக இருந்தாலும், நிறை 7 சதவீதம் கூடினால் நேரமும் 7 சதவீதம் கூடத்தான் செய்யும்.

தூரத்தை வைத்து ஓடும் பந்தயத்தில் மட்டும் கணக்கு வேறுபடுகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பி நேர்ப்பாதையில் ஓடும் 402 மீட்டர் இழுவைப் பந்தயத்தில் (டிராக் ரேஸ்), குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரம் எடைக்கும் திறனுக்குமான விகிதத்தின் கனமூலத்தை ஒட்டி மாறுகிறது. ஆகவே 7 சதவீத எடை அங்கே 2.3 சதவீத நேரமாகச் சுருங்கிவிடும். 45 கிலோவுக்குப் பத்தில் ஒரு விநாடி என்று அந்தப் பந்தயக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வாய்க்கணக்கு இதனோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கேள்வி: தயாரிப்பாளர் தரும் விவரக்குறிப்பில் உள்ள எடையில் ஓட்டுநர் சேர்க்கப்பட்டிருக்கிறாரா? ஒரே காருக்கு இரண்டு எடைகளைப் பார்த்துக் குழம்பிப்போயிருக்கிறேன்.

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைப்படி சொல்லப்படும் எடையில் 75 கிலோ சேர்ந்திருக்கும். ஓட்டுநருக்கு 68, அவருடைய பைக்கு 7 என்று அதைப் பிரித்திருந்தார்கள். ஜெர்மானியத் தர அமைப்பின் முறைப்படி சொல்லப்படும் எடையில் ஆள் கிடையாது. ஆகவே இரண்டு எண்களுக்கும் இடையே சரியாக 75 கிலோ வேறுபாடு தெரிந்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத ஓட்டுநர் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று பொருள்.

நேரத்தை அளப்பதிலும் வழக்கங்கள் வேறுபடுகின்றன. அமெரிக்க இதழ்கள் சில, கார் முதல் ஓரடி தூரத்தைக் கடந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுகின்றன, இதனால் 0.2 அல்லது 0.3 விநாடி குறைவாகப் பதிவாகும். முழு எரிபொருள் கலத்தில் உள்ள 50 லிட்டர் பெட்ரோலின் எடை 37 கிலோ, அதாவது அரைப் பயணி. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றின் அடர்த்தி 10 சதவீதம் அளவுக்குக் குறைந்து, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் அதே அளவில் திறனை இழக்கும். அது ஒரு பயணிக்கும் மேலான சுமை. இவை எதையும் கவனிக்காமல், இரண்டு இடங்களில் வந்த எண்களை அருகருகே வைத்து இந்தக் கார் அந்தக் காரை வென்றது என்று சண்டையிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஓட்டுநரின் உடல் எடையைப் பந்தயத்துறை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டது என்பதற்கு ஃபார்முலா ஒன் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு 0.3 விநாடி போகும் என்பது பொதுவான மதிப்பீடு. காருக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்தே குறைந்தபட்ச எடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில், மெலிந்த ஓட்டுநர் மிச்சப்படுத்தும் கிலோக்களை அணியினர் எடைக்கட்டிகளாக்கிக் காரின் அடியில் விரும்பிய இடத்தில் பொருத்தினர். அதனால் உயரமான ஓட்டுநர்கள் வயிற்றைக் காயப்போட வேண்டியிருந்தது. 2019-ல் ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து 80 கிலோவுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் அந்த எடையை இருக்கைப் பகுதியிலேயே வைக்க வேண்டும் என்று விதி வந்தது. உடலமைப்பு ஒருவருடைய குற்றமாகிவிடக் கூடாது என்ற அடிப்படையில் வந்த அந்த விதியை, அண்மைக்கால மாற்றங்களில் மிக நேர்மையான ஒன்றாக நான் மதிக்கிறேன்.

கேள்வி: நான்கு பேர் அமரும் என் ஸ்போர்ட்ஸ் கூபேயில் அலுவலகத்துக்குத் தனியாகத்தான் போய்வருவேன். விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், பெட்டிகளோடு ஒரு மலைச்சாலையில் ஏறும்போது, வழக்கம்போல ஒரு லாரியை முந்தப் போய், எதிரே வந்த வண்டிக்கு மிக அருகில் ஒதுங்கித் தப்பினோம். தூரத்தைச் சரியாகத்தான் கணித்தேன் என்று இன்னும் தோன்றுகிறது. தவறு எங்கே நடந்தது?

பதில்: எல்லாரும் நலமாக இருக்கிறீர்கள் என்பதே முதல் ஆறுதல். இந்த இதழின் கேள்விகளில் நான் அதிக நேரம் செலவிட்டது உங்களுடையதற்குத்தான். நீங்கள் தூரத்தைச் சரியாகவே கணித்திருக்கலாம். ஆனால் தனியாக ஓட்டிப் பழகிய காரை மனதில் வைத்துக் கணித்துவிட்டீர்கள்.

உங்கள் கார் 1,500 கிலோ, நீங்கள் 70 கிலோ, சமதளத்தில் தனியாக 80-லிருந்து 120 கிலோமீட்டரைத் தொட 4 விநாடி ஆகிறது என்று கொள்வோம். இந்த 4 விநாடியில் கார் 111 மீட்டர் கடக்கிறது. உங்கள் கை, கண், கால் எல்லாம் பழகிப்போயிருப்பது இந்த 4 விநாடிக்குத்தான். குடும்பமும் பெட்டிகளுமாக 210 கிலோ கூடினால் 13 சதவீதச் சுமை. அதே சமதளத்தில் 4.5 விநாடி. அரை விநாடிதானே என்று தோன்றும். ஆனால் அதற்குள் நீங்கள் இன்னும் 15 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 100 கிலோமீட்டரில் வருபவரும் 15 மீட்டர் நெருங்கியிருப்பார். முப்பது மீட்டர் இடைவெளி உங்கள் கணிப்பிலிருந்து மறைந்துவிட்டது.

இனி ஏற்றத்தைச் சேருங்கள். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், முழுச் சுமையோடு உள்ள உங்கள் 1,780 கிலோ காரைப் புவியீர்ப்பு 1,050 நியூட்டன் விசையோடு பின்னால் இழுக்கிறது. எஞ்சின் தரும் விசையில் நான்கில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. எஞ்சியதைக் கொண்டு கூடுதல் எடையையும் முடுக்க வேண்டும். அதே 80-லிருந்து 120-க்கு இப்போது ஆகும் நேரம் 6 விநாடி. கடக்கும் தூரம் 167 மீட்டர். அலுவலகச் சாலையில் 111 மீட்டரில் முடித்த வேலைக்கு இங்கே ஒன்றரை மடங்கு சாலை வேண்டியிருந்தது. மலையின் உயரத்தால் எஞ்சின் இழந்திருக்கக்கூடிய திறனை இதில் நான் சேர்க்கவில்லை. பழக்கத்தின் காரணமாக நீங்கள் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்தியிருந்தால், அந்தத் தாமதமும் தனி.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அடுத்த பயணத்தில் எல்லாரும் ஏறி அமர்ந்த பிறகு, வேக வரம்பு அனுமதிக்கும் ஆளில்லாத நீண்ட நேர்ச்சாலை ஒன்றில், 80-லிருந்து 120-க்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். முள் 80-ஐத் தாண்டும்போது அவர் எண்ணத் தொடங்கட்டும். நீங்கள் சாலையை மட்டும் பாருங்கள். கிடைக்கும் எண்ணோடு, மலைச்சாலைக்காக அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அத்தனை விநாடிக்கு எதிர்ச்சாலை உங்கள் கண்ணுக்கு முழுமையாகத் தெரியாத இடத்தில் லாரியின் பின்னாலேயே போங்கள்.